பிரேதக்குழியில் உமது கிருபை

எருசலேமில் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் ஒரு ஆலயம் இருக்கிறது. பேதுரு மறுதலித்ததும் சேவல் கூவியதும் நினைவாக அதற்குச் சேவல் கூவிய ஆலயம் என்றே பெயர். பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இருந்த இடம் இது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆலயத்துக்கு அடியில் பாறையைக் குடைந்த ஒரு குழி உண்டு. இயேசுவைப் பிடித்து வந்த இரவில் அவரை இதற்குள்தான் அடைத்து வைத்தார்கள் என்பது விசுவாசிகளின் நம்பிக்கை. இப்போது இறங்கப் படி கட்டியிருக்கிறார்கள். அந்த நாளில் மேலே தெரிகிற துவாரம் வழியாகக் கயிற்றில்தான் இறக்கியிருக்க வேண்டும்.

அத்தைக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. "மேலயே இருங்க அத்தை" என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு மேல இருக்கவாளா வந்தேன்?" என்று கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.

குழிக்குள் வருகிறவர்கள் 88-ஆம் சங்கீதம் வாசிப்பது அங்கே வழக்கம். பல மொழிகளில் அந்தச் சங்கீதத்தை வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த போதகர் ஐயரவர்கள் தம் கையிலிருந்த வேதாகமத்தைத் திறந்து தமிழில் வாசித்தார்கள். பாறைச் சுவரில் பட்டு அந்தக் குரல் எங்கள்மேலேயே திரும்பி விழுந்தது.

"பிரேதக்குழியில் உமது கிருபையும், அழிவில் உமது உண்மையும் விவரிக்கப்படுமோ?"

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பிடி வலித்தது. நான் கையை இழுக்கவில்லை.

அத்தையின் மூத்த மகன், என் அத்தான், 2021 மே மாதம் கொரோனாவில் போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டம். வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. சபை ஐயரே காய்ச்சலில் படுத்திருந்தார்கள். முழுக்கவச உடை போட்ட நான்கு பேர் வண்டியிலிருந்து இறக்கினார்கள், குழியில் வைத்தார்கள், மண் தள்ளினார்கள். ஒரு சங்கீதம் வாசிக்கவில்லை, ஒரு பாமாலை பாடவில்லை. அத்தை வாசலுக்கு வெளியே, காருக்குள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் வருடப்பிறப்பு என்றாலும் பிள்ளை பிறந்தாலும் வாசிப்பது 136-ஆம் சங்கீதம். தாத்தா காலத்து வழக்கம். பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வசனத்தின் முதல் பாதியை வாசிப்பார். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று மற்றவர்கள் பதில் சொல்வோம். 26 வசனம், 26 பதில். வாசிக்கத் தெரியாத குழந்தைகள்கூடச் சேர்ந்து சொல்லும். அந்த மே மாதத்துக்குப் பிறகு அத்தை அந்தப் பதிலைச் சொல்லவில்லை. எழுந்து நிற்பார்கள், புத்தகத்தை விரித்துப் பிடிப்பார்கள், உதடு மட்டும் அசையாது. வீட்டில் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஆலயத்துக்குப் போவதை அவர்கள் நிறுத்தவில்லை. வராத ஒரு சொல்லை வாயால் மட்டும் சொல்ல அவர்களுக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான் என்று நான் புரிந்துகொண்டேன்.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு "கிருபை" என்கிற இடத்தில் எபிரெய மூலத்தில் இருப்பது ஹெசெத். கத்தோலிக்க சகோதரர்கள் வாசிக்கும் திருவிவிலியம் இதைப் "பேரன்பு" என்கிறது. எபிரெய வேதத்தில் ஏறக்குறைய 250 முறை வருகிறது, அதில் பாதி அளவுக்குச் சங்கீதப் புத்தகத்திலேயே. ஒரே தமிழ்ச் சொல்லில் அடங்குவதாக எனக்குத் தெரியவில்லை. இரக்கம் அதில் உண்டு, ஆனால் இரக்கம் வந்து போகும். ஹெசெத் உறவு ஏற்பட்டபின் விட்டுப் போகாத அன்பு. வாக்குக் கொடுத்தவர் வாக்கு மாறாமல், மற்றவர் எப்படி நடந்தாலும், தன் பக்கத்தைக் காத்து நிற்பது. 23-ஆம் சங்கீதத்தின் கடைசியில் "நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும்" என்று மனப்பாடமாகச் சொல்கிறோமே, அங்கே தாவீது போட்ட வினைச்சொல் துரத்துவதைக் குறிப்பது. எதிரி துரத்துவதற்குச் சொல்கிற அதே சொல். மேய்ப்பனின் அன்பு ஆட்டின் பின்னால் ஓடி வருகிறது.

எபிரெயத்தில் நாரைக்கு ஹசிதா என்று பெயர். ஹெசெத் உள்ள பறவை என்று பொருள். செங்கால் நாரைகள் வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்த நாட்டின் மேலாக வடக்கே போகும், இலையுதிர் காலத்தில் இதே வழியாகத் திரும்பும். ஆகாயத்து நாரை தன் வேளையை அறியும் என்று எரேமியா சொன்னது இவற்றைப் பார்த்துத்தான். கூந்தன்குளத்தில் நாரை பார்த்து வளர்ந்த எனக்கு இதைத் தெரிந்துகொண்ட நாள் மிகவும் சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு காரியம் அந்தக் குழிக்குள் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இராப்போஜனம் முடிந்து "ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு" ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். பஸ்கா இரவில் யூதர்கள் பாடுவது 113 முதல் 118 வரையிலான சங்கீதங்கள். அந்தக் கடைசிச் சங்கீதம் தொடங்குவதும் முடிவதும் ஒரே வரியில், "அவர் கிருபை என்றுமுள்ளது". அதைப் பாடிய சில மணி நேரத்துக்குள் இயேசு இப்படி ஒரு இருட்டில் இருந்தார். பாடின வாய் அந்த இருட்டில் என்ன சொல்லியிருக்கும்? 88-ஆம் சங்கீதத்தில் விடியலே இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்றதோடு நின்றுவிடுகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். இப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறாரே என்று நான் ஆண்டவரை எத்தனையோ நாள் துதித்திருக்கிறேன்.

மதியம் குழுவினர் சந்தைக்குப் போனார்கள். அத்தையும் நானும் டாக்ஸி பிடித்து இன்னோம் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் போனோம். எங்கள் பயணத் திட்டத்தில் இல்லாத இடம். கெத்தேஃப் இன்னோம், அதாவது இன்னோமின் தோள். ஸ்காட்லாந்து சபையின் புனித அந்திரேயா ஆலயத்துக்குப் பக்கத்துச் சரிவு அது. கீழே தெரிகிற பள்ளத்தாக்கில்தான் ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தீக்கடக்கப் பண்ணினார்கள். நரகத்துக்கு வழங்கும் கெகன்னா என்ற சொல்லே இந்தப் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. மேலே இந்தச் சரிவில் யூதா ராஜாக்கள் காலத்துக் கல்லறைக் குகைகள். கல் வெட்டி எடுத்ததில் குகைகளின் கூரை போய்விட்டது, வெயில் நேரே உள்ளே விழுகிறது. பாறையில் செதுக்கிய கல்மேடைகளில் தலை வைப்பதற்கென்று குதிரைலாட வடிவில் பள்ளம் குடைந்திருக்கிறார்கள். அத்தை குனிந்து ஒரு பள்ளத்துக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள்.

"தலகாணியாளா இது?"

"ஆமா அத்தை. செத்தவங்களுக்கு."

இந்த மேடையில் கிடத்துவார்கள். சதை மக்கியபின் எலும்புகளைக் கூட்டி, கீழே உள்ள அறையில் முன்னோர்களின் எலும்புகளோடு சேர்த்து வைப்பார்கள். "தன் பிதாக்களோடே சேர்க்கப்பட்டான்" என்று வேதம் சொல்வதைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது.

1979-இல் காபிரியேல் பர்க்காய் என்ற தொல்லியல் அறிஞர் இங்கே அகழ்ந்தார். பெரும்பாலான அறைகளை முன்பே கொள்ளையடித்திருந்தார்கள். ஒரு எலும்பறையில் மட்டும் கூரை இடிந்து தரைபோல மூடிக்கொண்டதால் கள்ளர் கை படவில்லை. உதவிக்கு வந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் சுத்தியலால் அந்தத் தரையைத் தட்டப்போய், அடியில் இருந்தது வெளிப்பட்டது என்று பர்க்காயே சொல்லியிருக்கிறார். உள்ளே எலும்புகள், பானைகள், நகைகள். அவற்றோடு இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள்.

மறுநாள் காலை இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்தோம். நான் மனதில் வைத்திருந்த அளவைவிடச் சிறியவை. விரித்த நிலையில் பெரியது 10 சென்டிமீட்டர்கூட இல்லை, சின்னது 4 சென்டிமீட்டர்தான். ஓரம் நைந்து, வெடிப்பு விட்டு, காய்ந்த வாழைச்சருகைப் போல இருந்தன. எழுத்துகள் ஊசியால் கீறிய மயிரிழைகள். வெள்ளி நொறுங்காமல் பிரிக்கவே ஏறக்குறைய 3 வருடம் ஆனதாம்.

"தாயத்துத் தகடு மாதிரில்லா இருக்கு" என்றார்கள் அத்தை, கொஞ்சம் முகம் சுளித்து.

தாயத்தேதான். கழுத்தில் கோத்துப் போட்டிருந்திருக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிவில் நாம் தலைகுனிந்து வாங்குகிற ஆசீர்வாதம். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." காலம் கி.மு. 600-ஐ ஒட்டியது. பழைய வேதப் பிரதிகளான சாக்கடல் சுருள்களுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. வேதாகமத்தில் உள்ள வசனங்களோடு பொருந்துகிற எழுத்துகளில் இன்றுவரை கிடைத்தவற்றில் இவையே மிகப் பழையவை. பெரிய சுருளின் மேல்பகுதியில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. சிதைந்த எழுத்துகளுக்கு நடுவே அறிஞர்கள் அதைப் படித்திருக்கிறார்கள். தம்மில் அன்புகூருகிறவர்களுக்கு உடன்படிக்கையையும் ஹெசெத்தையும் காக்கிறவர் என்பது அதன் சாரம்.

நான் வந்ததே இதற்காகத்தான். பிரேதக்குழியில் உமது கிருபை விவரிக்கப்படுமோ என்று 88-ஆம் சங்கீதக்காரன் கேட்டான். பெயர் தெரியாத யாரோ ஒருவருடைய பிரேதக்குழியில், எலும்புகளுக்கு நடுவில், அந்தச் சொல் 2,500 வருடத்துக்கு மேலாக எழுதியபடியே கிடந்திருக்கிறது. எருசலேம் இடிந்தது, தேவாலயம் எரிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குப் போனார்கள், வந்தார்கள். வெள்ளி அங்கேயே இருந்தது. அத்தையிடம் இதைச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிமுன் வெகுநேரம் நின்றார்கள். "யார் கழுத்துல கெடந்துதோ" என்று மட்டும் சொன்னார்கள்.

அன்றிரவு பெத்லகேமில் தங்கல். பெத்லகேம் என்றால் தவறாமல் எனக்கு ரூத் ஞாபகம் வரும். ஐயரவர்கள் மாலை ஜெபத்தில் ரூத் 2-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் புருஷனையும் மோவாபில் புதைத்துவிட்டு வந்த நகோமி, மருமகள் ரூத் ஒரு மரக்கால் வாற்கோதுமையோடு வீடு வந்ததும் சொல்கிறாள், கர்த்தர் "உயிரோடிருக்கிறவர்களுக்கும் மரித்தவர்களுக்கும் தயவு செய்துவருகிற"வர் என்று. தமிழில் தயவு என்று இருக்கிற அந்த இடத்திலும் மூலத்தில் ஹெசெத்தான். மரித்தவர்களுக்கும்! நகோமி அதைப் பிள்ளைகளை இழந்த வயிற்றோடு சொல்கிறாள்.

அறைக்குத் திரும்பியபின் அத்தையிடம் இன்னொன்றும் சொன்னேன். யூதர்கள் செத்தவரை அடக்கம் பண்ணும் சேவையை "ஹெசெத் ஷெல் எமெத்" என்பார்கள். உண்மையான ஹெசெத் என்று அர்த்தம். யாக்கோபு சாகும் காலத்தில் யோசேப்பைக் கூப்பிட்டு, எனக்கு ஹெசெத்தும் உண்மையும் செய், எகிப்திலே என்னைப் புதைக்காதே என்று கேட்டதிலிருந்து வந்த வழக்கு. செத்தவரால் திருப்பிச் செய்ய முடியாது. கைம்மாறு எதிர்பார்க்க வழியே இல்லாத அன்பு அது ஒன்றுதான் என்று அவர்களுடைய பெரியவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கை நின்றது.

"அந்த நாலு பிள்ளைகளும்" என்றார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த வேக்காட்டுல, அந்த பிளாஸ்டிக் உடுப்புக்குள்ள. தூக்கிப் போடல ளா. மெதுவாத்தான் எறக்குனாங்க. நான் கார்ல இருந்து பாத்தேன். ஒருத்தன் வாயில கவசத்தோட நின்னு கையக் கும்பிட்டான். எந்தச் சாதியோ, எந்தச் சாமியோ. அவன் பேருகூட நான் கேக்கல. இத்தன வருஷமா ஒரு நாளும் அவங்கள ஜெபத்துல நெனைக்கலையே."

அழுதார்கள். அடக்கத்தன்று அழாததையும் சேர்த்து அழுதார்கள் என்று நினைக்கிறேன். பிறகு முகம் கழுவி வந்து, "வேதாகமத்த எடு" என்றார்கள். எந்தப் பகுதி என்று கேட்டேன். "நம்ம வீட்டுச் சங்கீதம்" என்றார்கள்.

நான் முதல் பாதியை வாசித்தேன். முதல் சில வசனங்களுக்குப் பதிலும் நானே சொல்லிக்கொண்டேன். வானங்களைப் பற்றியும் சூரியனைப் பற்றியும் வாசித்தேன், செங்கடலைப் பற்றி வாசித்தேன், அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 23-ஆம் வசனம். "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரைத் துதியுங்கள்."

"அவர் கிருபை என்றுமுள்ளது" என்றார்கள் அத்தை.

குரல் கரகரத்தது. நான் அடுத்த வசனத்தை எடுக்கத் தாமதித்தேன். "வாசிளா" என்றார்கள்.