நடுவில் ஒரு சிறு வெட்டு

தம்பி மகன் இரண்டு முறை அழுத்தியும் கணினியின் ரேம் (நினைவகப் பலகை) மதர்போர்டில் இறங்கவில்லை. மூன்றாம் முறை அழுத்தப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வாங்கிய ரேம் டிடிஆர் 5 வகை, போர்டு ஏற்பதோ அதற்கு முந்தைய டிடிஆர் 4.

இரண்டிலும் 288 பின்கள்தான், நீளமும் ஒன்றுதான். யாரும் மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே நடுவிலுள்ள அந்தச் சிறு வெட்டைச் சற்றே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இன்டெலின் பி660 சிப்செட் கொண்ட போர்டுகள் இரு வகை ரேமுக்கும் தனித்தனியே வருகின்றன. சிலவற்றின் பெயருக்கு வாலாக நிற்கும் ‘டி4’ என்பதை, விலையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் எளிதில் தவறவிட்டுவிடும்.

கையில் பணம் குறைவு என்றால் எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்கி, மிஞ்சியதில் பவர் சப்ளை வாங்குகிறோம். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டு மட்டுமே 170 வாட் எடுக்கும். அதற்கு, அதை வடிவமைத்த என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை. பொருந்தாத ரேம் உள்ளே இறங்காது, அவ்வளவே. மட்டமான பவர் சப்ளையோ எல்லாவற்றோடும் ஒழுங்காகப் பொருந்திவிட்டு, ஒருநாள் போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகும் (எனக்குப் போயிருக்கிறது).

ரேமை மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நாளை காலை இருவரும் ரிச்சி தெருவுக்குப் போகிறோம்.