மகமை எழுதிய பேரேடு

எங்கள் வட்டாரக் கோயிலில் ஞாயிறு காலைகளில் நடக்கும் தமிழ் வகுப்போடு, பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கென்று ஒரு தொழில் வகுப்பையும் இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறார்கள். பக்தியையும் வணிகத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது தலைவர் ஐயாவின் விருப்பம். ரங்கூனில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைக்கும் என்னிடம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்படி கேட்டார். அங்கே பேசியதையும், பேசத் தயங்கியதையும் எழுதுகிறேன்.

சமயத்தோடு சேர்ந்த வணிகக் கல்வி இந்த ஊருக்குப் புதிதன்று. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பையன் ஒருவன் கடல் கடந்து வந்தால், முதலில் கடையில் பெட்டியடிப் பையனாக உட்காருவான். கணக்கும் வட்டிச் சிட்டையும் கைவந்த பிறகு அடுத்தாளாவான். நம்பிக்கை பெற்றால் முதலாளியின் பிரதிநிதியாகக் கடையையே நடத்துவான். பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். லாபத்தைப் பங்கிடும் முன்பே கோயிலுக்கும் தர்மத்துக்கும் உரிய மகமை தனியே எழுதப்பட்டுவிடும். இன்று ஷ்வே பொந்தா தெரு என்று வழங்கும் அன்றைய மொகல் தெருவில்தான் அவர்களுடைய கோயில் இருந்தது. தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டியையும் அங்கே கூடித்தான் முடிவு செய்தார்கள். தெய்வத்தின் முன்னால் சொன்ன வட்டியை மறுநாள் மாற்றிச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் இருப்பது இவர்கள் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

இதுவரை பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கேட்டார்கள். அடுத்ததைச் சொல்லத்தான் தயங்கினேன்.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களில் கடனாக இறங்கியிருந்தது. 1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது விவசாயிகளால் அசலையும் கட்ட முடியவில்லை, வட்டியையும் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறக்குறைய 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930-களின் இறுதியில் அது 25 சதவீதமாகிவிட்டது. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொடுத்த கடன் ரொக்கமாகத் திரும்புவதைத்தான் விரும்பினார்கள். ஆனால் நிலத்தை இழந்து நின்ற பர்மிய விவசாயிக்கு அந்த வேறுபாட்டினால் என்ன பயன்? 1930 டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தது. பிறகு போர் வந்தது, 1948-இல் நில தேசியமயச் சட்டமும் வந்தது. நிலங்கள் போயின.

மகமை மட்டும் ஒழுங்காகக் கட்டப்பட்டது. பர்மாவில் வங்கித் தொழில் நடத்திய குடும்பங்களின் செல்வம் செட்டிநாட்டுக் கோயில்களைப் புதுப்பித்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பெயரால் 1929-இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமே எழுந்தது. அந்தத் தர்மத்தைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கணக்கெழுதுபவன் என்ற முறையில் ஒன்று கண்ணில் படுகிறது: வரவு இந்த மண்ணில் எழுதப்பட்டது, தர்மம் வேறு மண்ணில் எழுதப்பட்டது.

என் தாத்தா இந்தப் பேரேடுகளில் எங்கும் இல்லை. அவர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அறுவடைக்கு வந்த கூலியாள். கப்பல் கட்டணமும் அரிசிக் காசும் பிடித்தது போக மீதிதான் கைக்கு வரும். பர்மாத் தமிழர் என்றதும் செட்டியாரை மட்டும் நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்களில் பெரும்பாலோர் என் தாத்தாவைப் போன்ற கூலியாட்களின் வழி வந்தவர்கள்தாம்.

நானே இளவயதில் கண்டதும் ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் முதலாளி தைப்பூசத்தன்று ஊருக்கே அன்னதானம் செய்தார். அந்த மாதச் சம்பளம் எங்களுக்கு இருபத்தோரு நாள் தாமதமாக வந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், மாட்டைக் கொன்று செருப்புத் தானம் என்று முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

வணிகரின் சமூகப் பொறுப்பைப் பற்றி 1953-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் எழுதிய நூல், அந்நாட்டுத் திருச்சபைகளின் கூட்டமைப்பு முன்னெடுத்த ஒரு வரிசையில் வெளிவந்தது. இந்தத் துறையும் சமய நிழலில்தான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வணிகர் அன்றாடம் எடுக்கும் முடிவுகள் சமூகத்தை எப்படித் தொடுகின்றன என்பதே அந்நூலின் கேள்வி. எவ்வளவு நன்கொடை தருவது என்பது அதன் மையமன்று. பின்னாளில் இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று வகுத்தது. சட்டம் நல்லதே. ஆனாலும் லாபம் வந்த பிறகு என்ன செய்தாய் என்று கேட்பதோடு அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி வேறு அலுவலகங்களுக்குப் போய்விடுகிறது.

கடைசிப் பத்து நிமிடங்களில், நடத்த விரும்பும் கடைக்கு ஒரு மாத வரவுசெலவை எழுதச் சொன்னேன். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் பிள்ளையார் சுழியிட்டு, முதல் வரியில் கோயில் மகமையை எழுதினார்கள். தையல் கடை தொடங்கப்போகும் ஒரு பெண் மட்டும், இரண்டு தையற்காரிகளின் கூலியையும், துணி தந்த பர்மியக் கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியையும் எழுதிவிட்டு மகமையை மூன்றாவது வரிக்கு இறக்கியிருந்தாள். தலைவர் ஐயா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "சாமி கோவிச்சுக்க மாட்டாராம்மா?" என்று சிரித்தபடி கேட்டார். "கூலி குடுக்காம வந்தாத்தான் கோவிப்பார் ஐயா" என்றாள் அவள்.