விடை தெரிந்த தரவில் தொடங்குங்கள்: ஆர் மொழியில் அடிப்படைக்கு அடுத்த படி

புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் (R) மொழியில் அடிப்படைப் பாடத்தை முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கோப்பைத் திறக்கத் தெரியும், சராசரி எடுக்கத் தெரியும், வரைபடம் போடத் தெரியும். ஒரு மாறி மற்ற மாறிகளோடு எப்படி மாறுகிறது என்று கணிக்கும் ரிக்ரஷனை ஓட்டினால் ஓர் அட்டவணை வந்து விழும். அந்த அட்டவணை சரிதானா என்று யாராவது கேட்டால்தான் திண்டாட்டம். நிரல் பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிந்தது என்பதைத் தவிர வேறு ஆதாரம் கையில் இருக்காது. புள்ளியியல் நிரலாக்கத்தின் உயர்நிலைப் பாடம் இந்தக் கேள்வியில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். புதுப்புது பேக்கேஜ்களை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) நிறுவிக்கொண்டே போவதில் அது வராது.

எனக்கு இதில் கைகொடுத்தது சிமுலேஷன். தரவை நீங்களே உருவாக்குங்கள். நீங்களே உருவாக்கியதால் உண்மையான விடை முன்கூட்டியே தெரியும். அப்புறம் நீங்கள் கற்ற முறையை அதன்மேல் ஓட்டி, அந்த விடையை அது கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். நிஜத் தரவில் இந்த வசதி கிடையாது. அங்கே உண்மை என்ன என்பது யாருக்கும் தெரியாது.

முதல் பயிற்சியாக நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான சராசரி எந்த எல்லைக்குள் இருக்கும் என்று மாதிரியிலிருந்து கணிப்பதை, எடுத்துக்கொள்ளலாம். சராசரி 10 உள்ள, மணி வடிவிலான இயல்நிலைப் பரவலிலிருந்து 5 மதிப்புகளை எடுங்கள். 95 சதவீத இடைவெளியைக் கணக்கிடுங்கள். 10 அதற்குள் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதையே 10,000 முறை செய்யுங்கள். இடைவெளியின் அகலத்துக்கு டி பரவலைப் (t distribution) பயன்படுத்தியிருந்தால் ஏறக்குறைய 95 சதவீத முறை 10 உள்ளே இருக்கும். எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும், இயல்நிலைப் பரவலுக்குரிய 1.96-ஐப் போட்டிருந்தால் 88 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சிறிய மாதிரிக்கு டி பரவல் வேண்டும் என்று வகுப்பில் கேட்டது அப்போதுதான் மனதில் உட்காரும். அடுத்து இயல்நிலைப் பரவலை விட்டுவிட்டு எக்ஸ்பொனென்ஷியல் போல ஒரு பக்கம் சாய்ந்த பரவலிலிருந்து 20 மதிப்புகள் எடுத்துப் பாருங்கள். டி பரவலைப் பயன்படுத்தினாலும் 95-ஐ எட்டாது. எவ்வளவு குறைகிறது, மாதிரியின் அளவை எவ்வளவு கூட்டினால் சரியாகிறது என்பதை நீங்களே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிமுலேஷன் தரும் எண்ணிலும் ஏற்ற இறக்கம் உண்டு. 1,000 முறை ஓட்டினால் 95 சதவீதம் என்ற எண்ணின் திட்டப்பிழை (அந்த ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவு) 0.7 சதவீதப் புள்ளி அளவில் இருக்கும். 10,000 முறை ஓட்டினால் 0.2. ஆகவே 1,000 முறை ஓட்டிவிட்டு, 94.6 தந்த முறையைவிட 95.1 தந்த முறை மேல் என்று எழுதினால் அதில் பொருளில்லை. ஆய்வறிக்கைகளில் இந்தத் தவறு சாதாரணமாகக் கண்ணில் படுகிறது.

இந்தப் பயிற்சியை எழுதும்போதே நிரலாக்கமும் தானாக மேலே போகும். தரவை உருவாக்க ஒரு ஃபங்ஷன், அதை அலச ஒன்று, இரண்டையும் திரும்பத் திரும்ப ஓட்ட ஒன்று என்று பிரிக்காமல் இதைச் செய்வது கடினம். பரவலை மாற்ற வேண்டுமா? முதல் ஃபங்ஷனை மட்டும் தொட்டால் போதும். லூப் எழுதக் கூடாது, ஆர் மொழியில் அது மெதுவாக ஓடும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. ஒவ்வொரு சுற்றிலும் விடையை வெக்டரின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போவதுதான் பெரும்பாலும் நேரத்தைத் தின்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வெக்டர் முழுவதும் புதிதாகப் பிரதி எடுக்கப்படுகிறது. முன்பே 10,000 இடங்களை ஒதுக்கிவிட்டு நிரப்பினால் லூப் நன்றாகவே ஓடும். தரவைக் கையாள டைடிவெர்ஸா, பேஸ் ஆரா, டேட்டா டேபிளா என்ற சண்டையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். எதிலாவது ஒன்றில் கை பழகினால் சரி.

ஒவ்வொரு முறையும் அதே ரேண்டம் எண்கள் வருவதற்கு செட்.சீடு (set.seed) போட மறக்காதீர்கள். போட்டாலும் ஆர் பதிப்பைக் குறித்து வையுங்கள். 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள் ஃபங்ஷன் எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. அதனால் அதற்கு முந்தைய பாடக்குறிப்பில் உள்ள அதே சீடைப் போட்டாலும் உங்களுக்கு வேறு எண்கள் வரலாம். 2020-இல் வந்த 4.0.0 பதிப்பில் இன்னொரு மாற்றம்: கோப்பைப் படிக்கும்போது எழுத்துப் பத்திகள் தாமாகவே ஃபேக்டராக (வகைகளைக் குறிக்கும் மாறியாக) மாறுவது நின்றது. பழைய நிரல் ஒன்று உங்கள் கணினியில் மட்டும் முரண்டு பிடித்தால் இந்த இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஃபேக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது: எண்கள் ஃபேக்டராக இருக்கும்போது நேரடியாக எண்ணாக மாற்றினால் அசல் மதிப்பு வராது, உள்ளே இருக்கும் வரிசைக் குறியீடுதான் வரும். பிழைச்செய்தி எதுவும் காட்டாது. முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும்.

சத்தமில்லாமல் நடக்கும் இன்னொன்று விடுபட்ட மதிப்புகள். ஆரின் ரிக்ரஷன் ஃபங்ஷன், மாடலில் உள்ள ஏதாவது ஒரு மாறியில் மதிப்பு இல்லாத வரிசையை அப்படியே விட்டுவிடும். சுருக்க அட்டவணையின் அடியில் ஒரு வரி அதைச் சொல்லும், ஆனால் அந்த இடம் வரை கண் போவதில்லை. இரண்டு மாறிகள் உள்ள மாடலையும் ஐந்து மாறிகள் உள்ள மாடலையும் மாடல்களை ஒப்பிட உதவும் ஏஐசி (AIC) எண்ணை வைத்து ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டும் வெவ்வேறு வரிசைகளின்மேல் ஓடியிருந்தால் அந்த ஒப்பீடே செல்லாது. ஒப்பிடும் முன் இரண்டும் எத்தனை வரிசைகளைப் பயன்படுத்தின என்று பார்த்துவிடுங்கள்.

பூட்ஸ்ட்ராப் முறையைப் பேக்கேஜ் இல்லாமல் ஒரு முறையாவது சொந்தமாக எழுத வேண்டும். 1979-இல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த முறை இது. சில வரிகளில் எழுதிவிடலாம். கையில் உள்ள மாதிரியிலிருந்தே, எடுத்ததைத் திரும்பப் போட்டு, அதே அளவுள்ள புது மாதிரிகளை எடுப்பதுதான் விஷயம். இடைநிலையின் (மீடியன்) திட்டப்பிழையைக் கணக்கிட்டுப் பாருங்கள், நன்றாக வேலை செய்யும். பிறகு அதே நிரலில் இடைநிலைக்குப் பதில் உச்ச மதிப்பைப் போடுங்கள். எடுக்கும் மாதிரிகளில் ஏறக்குறைய 63 சதவீதத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் அசல் மாதிரியின் உச்ச மதிப்பு புது மாதிரிக்குள் வந்துவிடும் வாய்ப்பு அவ்வளவு. அதைத் தாண்டிய எண் ஒருபோதும் வராது. இங்கே பூட்ஸ்ட்ராப் தோற்கிறது. ஒரு முறை எங்கே வேலை செய்யும் என்று தெரிவதைவிட எங்கே கைவிடும் என்று பார்த்து வைப்பதில்தான் எனக்கு அதிகம் புரிந்தது.

எந்திரக் கற்றல் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று. 50 வரிசை, 5,000 பத்தி கொண்ட வெறும் இரைச்சலை உருவாக்குங்கள். விடைப் பத்தியில் நாணயம் சுண்டியதுபோல 0, 1 போடுங்கள். முழுத் தரவையும் வைத்து, விடையோடு அதிகம் ஒத்துப்போகும் 100 பத்திகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த 100-இன்மேல் மட்டும் குறுக்குச் சரிபார்ப்பு (தரவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதியை ஒதுக்கி மற்றவற்றில் கற்று, ஒதுக்கியதில் சோதிப்பது) நடத்துங்கள். துல்லியம் அபாரமாக வரும். உண்மையில் அங்கே கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. சரியான விடை 50 சதவீதம்தான். பத்திகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் குறுக்குச் சரிபார்ப்பின் ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயே செய்தால் எண் 50-க்கு இறங்கிவிடும். இதை ஒரு முறை ஓட்டியவருக்குத் தரவுக் கசிவு (சோதிக்கும் தரவின் தகவல் கற்றலுக்குள் நுழைந்துவிடுவது) பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கணினி எண்களின் எல்லையையும் கொஞ்சம் தொட்டுவிடுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும், அதனால் மிகச் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்தாத ஆல்.ஈக்வல் போன்ற ஒப்பீடு வேண்டும். கையில் உள்ள தரவு வருவதற்கு மிக அதிக வாய்ப்புத் தரும் மதிப்பைத் தேடும் மீப்பெரு நிகழ்தகவு முறையைச் சொந்தமாக எழுதும்போது 2,000 நிகழ்தகவு அடர்த்திகளைப் பெருக்கினால் விடை 0 ஆகிவிடும், ஆகவே மடக்கை எடுத்துக் கூட்ட வேண்டும். எழுதி முடித்து உங்கள் மாறுபாட்டை ஆர் தரும் மாறுபாட்டோடு ஒப்பிட்டால் சிறு வித்தியாசம் தெரியும். பதற வேண்டாம்: மீப்பெரு நிகழ்தகவு முறை மாதிரியின் அளவால் வகுக்கிறது, ஆர் அதிலிருந்து ஒன்றைக் கழித்து வகுக்கிறது. பைத்தானிலும் இந்தக் குழப்பம் உண்டு. திட்ட விலக்கத்துக்கு நம்பை பேக்கேஜ் முதல் வழியில் போகிறது, பாண்டாஸ் பேக்கேஜ் இரண்டாவது வழியில்.

இவ்வளவும் கைவந்த பிறகு குழுக்களாக அமைந்த தரவுக்கான கலப்பு மாடல்களுக்குப் போகலாம். அங்கேயும் அதே வழிதான். 10 வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 30 மாணவர்கள் என்று தரவை உருவாக்குங்கள். 5 வகுப்புகளுக்கு மட்டும் புதிய கற்பித்தல் முறை. அதன் உண்மையான விளைவு பூஜ்யம். மொத்த மாறுபாட்டில் 10 சதவீதம் வகுப்புக்கு வகுப்பு இருக்கும் வேறுபாட்டால் வரட்டும். 300 மாணவர்களையும் தனித்தனி ஆட்களாகக் கருதிச் சாதாரண ரிக்ரஷன் ஓட்டினால், இல்லாத விளைவை இருப்பதாக அது ஏறக்குறைய பத்தில் மூன்று முறை சொல்லும். நூற்றுக்கு ஐந்து முறைதான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்து எல்எம்இ4 (lme4) பேக்கேஜில் வகுப்பை ரேண்டம் எஃபெக்டாக (குழுவுக்குக் குழு தற்செயலாக மாறும் விளைவாக) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வகுப்பு வேறுபாட்டை ஒரு சதவீதத்துக்குக் குறைத்துவிட்டால் சிங்குலர் ஃபிட் என்ற செய்தி அடிக்கடி வரும். வகுப்பு வேறுபாடு உண்மையில் இருந்தும் மாடல் அதைப் பூஜ்யம் என்று கணித்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும், தரவை உருவாக்கியது நீங்கள்தானே.

இந்த மாடல்களை 10,000 முறை ஓட்ட நேரம் பிடிக்கும். முதலில் 10 முறை மட்டும் ஓட்டி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சில நூறு சுற்றுக்கும் விடைகளைக் கோப்பில் எழுதி வையுங்கள். பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. கணினியின் பல கோர்களில் பிரித்து ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேண்டம் எண் ஓட்டம் தேவை. ஆரோடு சேர்ந்தே வரும் பாரலல் பேக்கேஜில் ரேண்டம் எண்களை உருவாக்கும் லெகுயே (L'Ecuyer) முறையை வைத்து அதைச் செய்ய முடியும்.