டாலரைத் தின்னது ஷெல்

ராத்திரி ரெண்டு மணிக்கு க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டிவிடுறது) ஓடுற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல்ங்கிற புரோகிராம் படிச்சு ஓட்டுற கமாண்ட் ஃபைல், எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதி வச்சிட்டுப் போனது. பில்லிங் சிஎஸ்வியை (கமா போட்டுப் பிரிச்ச டேபிள் ஃபைல்) எடுத்து ஆக்ங்கிற (awk) கமாண்ட்ல பிரிச்சு எந்த பிளான்ல எவ்ளோ வசூல்னு கூட்டி மெயில் போடும். ஒரு நாள் கஸ்டமர் பேருக்குள்ளயே கமா வந்து, கட்டம் ஒண்ணு தள்ளிப்போய் கணக்கெல்லாம் கோணலாயிடுச்சு. பைத்தான்ல சிஎஸ்வி மாட்யூல் இதுக்குன்னே இருக்கும்போது ஆக்கோட எதுக்கு மல்லுக்கட்டணும்னு, அந்த இடத்துல மட்டும் ஹியர்டாக் (ஒரு முடிவு வார்த்தை வர்ற வரைக்கும் இருக்கிற வரிகளை இன்னொரு கமாண்டுக்கு உள்ள அனுப்புற வழி) போட்டு இருபது வரி பைத்தானை ஷெல்லுக்குள்ளயே சொருகிட்டேன். தனி ஃபைல் போட சோம்பேறித்தனம், வேறென்ன.

ஓட்டிப் பார்த்தேன், மொத்தத் தொகை டேலி ஆச்சு, அதோட விட்டுட்டேன். மறுநாள் காலைல அக்கவுண்ட்ஸ் அக்கா போன். "தம்பி, நூறு டாலர் பிளான்ல நேத்து ஒருத்தர் கூடவா கட்டல?"

பார்த்தா அத்தனையும் 'இதர'ல போய் உக்காந்திருக்கு. எர்ரர் ஒண்ணும் இல்ல, எக்ஸிட் கோடு சைபர், அதாவது எல்லாம் சரியா முடிஞ்சதுன்னு அர்த்தம். பத்து தடவை கோடைப் படிச்சேன், பிளான் பேர் '$100'ஆ இருந்தா இந்தக் கணக்குல சேருன்னு தெளிவாத்தான் இருக்கு. அதே வரிகளை தனி ஃபைல்ல ஒட்டி ஓட்டினா சரியா வருது, ஸ்கிரிப்டுக்குள்ள ஓட்டினா தப்பா வருது, எனக்கு பைத்தியம் பிடிக்காத குறைதான். பக்கத்து சீட் அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, "பைத்தான்னு இருக்கிற இடத்துல கேட்னு மாத்தி ஓட்டுடா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

ஓட்டினேன். கேட் (cat) கமாண்ட் தனக்கு வந்ததை அப்படியே திரையில காட்டும். '$100' இருந்த இடத்துல '2022-06-1400'.

ஸ்கிரிப்டை ஓட்டும்போது கூடக் குடுக்கற முதல் மதிப்பு, அதாவது முதல் ஆர்க்யுமென்ட், தேதி; ஷெல்ல அதுக்குப் பேர் $1. ஹியர்டாக்கை பைத்தான் கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஷெல் ஒரு தடவை படிச்சிடும்ல, அது $1ஐ மட்டும் பிச்சு எடுத்து தேதியைப் போட்டு, மிச்சம் ரெண்டு சைபரை அப்படியே ஒட்டிருக்கு. பைத்தானுக்கு டாலர்னு ஒண்ணு இருந்ததே தெரியாது, பாவம்.

ஹியர்டாக் ஆரம்பிக்கிற இடத்துல முடிவு வார்த்தைக்கு சிங்கிள் கொட்டேஷன் போட்டா ஷெல் உள்ள கை வைக்காது. ஆனா நானே வேற ஒரு வரில தேதிக்கு $1ஐ நம்பி இருந்தேன், அது படுத்துடுச்சு. அதை பைத்தான் கமாண்ட்ல ஒரு ஹைஃபனுக்குப் பின்னாடி ஆர்க்யுமென்ட்டா குடுத்து, உள்ள சிஸ் ஆர்க்வில (sys.argv, பைத்தானுக்கு வந்த ஆர்க்யுமென்ட் பட்டியல்) ஒண்ணாவதா எடுத்துக்கிட்டேன். சைபராவது அந்த ஹைஃபனே, இதையும் தப்பா எண்ணி ஒரு அரை மணி நேரம் போச்சு.

அப்பதான் இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு, லாக் வேணும்னு கடைசியில பைத்தான் வெளிய தர்றதை டீ கமாண்டுக்கு (tee, வர்றதை ஃபைல்லயும் எழுதி வைக்கும்) பைப் பண்ணி அனுப்பியிருந்தேன். பைத்தான் செத்தே போனாலும் எக்ஸிட் கோடு அந்த டீயோடதுதான் வரும், சைபர். பைப்ஃபெயில் (பைப்ல எது தோத்தாலும் மொத்தமும் தோத்ததா எடுத்துக்கற செட்டிங்) செட் பண்ணின பிறகுதான் எக்ஸிட் கோடைப் பார்க்க கீழ இருந்த இஃப்புக்கே ஒரு வேலை வந்துச்சு. க்ரான்ல பாத் (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற பட்டியல்) ரொம்ப சின்னது, அதனால வெர்ச்சுவல் என்வ் (தனியா பிரிச்சு வச்ச பைத்தான் அமைப்பு) பைத்தானை முழுப் பாதையோட எழுதிட்டேன்.

இப்ப நாலஞ்சு வரி தாண்டினா தனி ஃபைல்தான். அந்தப் பழசை மட்டும் தொடல, இன்னும் ஓடிட்டிருக்கு. போன மாசம் புதுசா சேர்ந்த பையன் வந்து, "அண்ணா, இந்த கொட்டேஷன் சும்மாதானே இருக்கு, எடுத்துடவா?"ன்னான். பைத்தானை கேட்னு மாத்தி ஓட்டச் சொல்லிட்டு நான் டீ குடிக்கப் போயிட்டேன்.