முட்டு யாருடையது?

"ஆபரேஷன் பண்ணினா மறுபடி பால் வெட்டப் போக முடியுமா டாக்டர்?"

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை. கேட்டவர் முழங்கால் முட்டு ஆபரேஷன் பற்றிப் பேச வந்த, குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. அதுவரை டாக்டர் பேசியதெல்லாம் மகனிடம். சம்மதப் படிவமும் மகன் கையில்தான். முட்டு மட்டும் அப்பாவுடையது.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். அப்புறம்தான் மேடு ஏறுவது, குத்தவைத்து உட்காருவது, முதலில் உடற்பயிற்சி செய்து பார்க்கலாமா என்பதெல்லாம் பேச்சுக்கே வந்தது.

2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: சிகிச்சையின் ஆபத்து, மாற்று வழி, மறுத்தால் என்ன ஆகும் என எல்லாவற்றையும் நோயாளியிடம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அந்த வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அம்மா தந்த சம்மதமே செல்லவில்லை.

டாக்டர்களை மட்டும் குறை சொல்வானேன்? "நீங்க சும்மா இரிங்கப்பா" என்று முதலில் வாயடைப்பது வீட்டு ஆட்கள்தானே.