தீக்காயத்துக்குப் பிறகு: கண்ணாடி, அடுப்பு, பஸ்

தீக்காய வார்டிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றதும், பல வீடுகளில் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. விசேஷங்களுக்குக் கூட்டிப் போவதில்லை. எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் தீக்காயத்திலிருந்து மீண்டு வந்தவர்களும் கூட இருந்து பார்த்தவர்களுமான நாங்கள் கண்டது இதுதான்: ஒதுங்க ஒதுங்கப் பயம் வளர்கிறது, அளவாகக் கிட்டப் போகப் போக இறங்குகிறது.

முதலில் வார்டு. பெரிய காயமாக இருந்தால் ஆள் திடீரென்று குழம்பிப் பேசலாம். சுவரோரம் யாரோ நிற்கிறார்கள், கட்டில் எரிகிறது என்பார்கள். காத்து கருப்பு என்று தாயத்துக்கு ஓட வேண்டாம். கிருமித் தொற்று, உடம்பில் உப்புச்சத்து மாறுவது, வலி மருந்தின் வீரியம் ஆகியவற்றால் வரும் மூளைக் குழப்பம் அது. கிருமி ரத்தத்தில் பரவுவதற்கு அதுவே முதல் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், விடியும்வரை காத்திருக்காமல் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

டிரெஸ்ஸிங் வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டதுமே நடுங்குகிறவர்கள் நிறைய. வலி மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதனால் டிரெஸ்ஸிங் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு, டாக்டர் எழுதிய மருந்தை அதற்கேற்பக் கொடுக்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கினால் ஒரு நிமிடம் நிறுத்துவது என்று நர்ஸிடம் முன்பே பேசிக்கொள்ளலாம். நிறுத்தும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே வலியைத் தாங்கும் தெம்பு வருகிறது. குழந்தையிடம் மட்டும் "வலிக்காது சாமி" என்று சொல்லவே கூடாது. மறுநாள் உங்களை நம்பாது. "வலிக்கும், நான் பக்கத்துலயே இருக்கேன், பத்து எண்ணினதும் நிறுத்துவாங்க" என்பதுதான் சரி.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். போலீஸோ மாஜிஸ்திரேட்டோ வாக்குமூலம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். மற்ற யாருக்கும் நடந்ததை விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வற்புறுத்திச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்பது தப்பு. அவராகப் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டால் போதும்.

வீட்டுக்கு வந்தபின் கண்ணாடி. திடீரென்று நிலைக்கண்ணாடி முன் நிறுத்தாதீர்கள். உள்ளங்கையளவு கண்ணாடியில், பகல் வெளிச்சத்தில், முதலில் காயம் படாத இடம், அப்புறம் காயத்தின் ஓரம், சில நாள் கழித்து முழு முகம். புதுத் தழும்பு சிவந்து தடித்துத்தான் இருக்கும். முதிர்ந்து வெளிற ஒன்று முதல் இரண்டு வருஷம் பிடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் மாதத்தில் உடைந்துபோகிறார்கள்.

அடுப்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். பூஜ்யம் முதல் பத்துவரை பயத்துக்கு மார்க் போடச் சொல்லுங்கள். அணைந்த அடுப்பு இருக்கும் அறை வாசலில் நிற்பது முதல் படி. லைட்டரின் டக் டக் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்பது அடுத்தது. பிறகு வேறொருவர் சிம்மில் பற்றவைக்க, எட்டடி தள்ளி உட்காருவது. பிறகு பக்கத்தில். கடைசியில் தானே பற்றவைத்துத் தண்ணீர் சுடவைப்பது. ஒவ்வொரு படியிலும் மார்க் பாதியாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அரை மணிக்கு மேலேயும் ஆகலாம். மூக்கால் நாலு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடுவது கைகொடுக்கும். தொடங்கும்போதே மார்க் மூன்றுக்குள் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடிவிடுவது. ஓடினால்தான் பிழைத்தோம் என்று மனசு பதித்துக்கொள்கிறது. அன்றைக்குத் திட்டாமல், முந்தைய படிக்கு இறங்குங்கள். நடந்தது அப்படியே கண்முன் ஓடி, இருக்கும் இடமே மறந்துபோகிறது என்றால் இதை வீட்டில் முயலாமல் மனநல நிபுணர் துணையோடு செய்யுங்கள்.

சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் தெருவெல்லாம் கற்பூர வாசமும் தீச்சட்டியுமாக இருக்கும். தீபாவளி வெடிச் சத்தமும் அப்படித்தான். முன்கூட்டியே சொல்லிவைத்து, தூரத்திலிருந்து பார்க்கலாமா என்று அவரையே கேளுங்கள். கொலுசுப் பட்டறைக்குத் திரும்புகிறவர் வெள்ளியை ஒட்டவைக்கும் நெருப்புக்கு முன் உடனே உட்கார வேண்டாம். மெருகு போடுவது போன்ற தீ இல்லாத வேலையில் சேர்ந்து, மெல்ல நகர்ந்து போகலாம்.

தூக்கத்தைக் கெடுப்பது கனவு மட்டும் இல்லை, அரிப்பும்தான். ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் போய்விடுவதால் உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். 40 டிகிரியைத் தொடும் சித்திரை வெயிலில், தழும்பு தடிக்காமல் இருக்க ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டிய இறுக்கமான அழுத்த உடையைக் கழற்றி எறியத்தான் தோன்றும். இரண்டு செட் வைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். வெளிவேலையைக் காலை பத்துக்குள் முடியுங்கள். புண் மூடிய தோலில் வாசனை சேர்க்காத க்ரீமோ தேங்காய் எண்ணெயோ தடவி, தினம் இரண்டு மூன்று தடவை நீவுங்கள். அப்படியும் அரித்தால் அதற்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். ஏற்காட்டில் வெக்கை இல்லை, ஆனால் பனிக்காற்றில் தழும்பு வறண்டு இழுக்கும், க்ரீம் கூடுதலாக வேண்டும். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்கள் பிளாஸ்டிக் சர்ஜரி, பிசியோதெரபி, மனநல ஓபி மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுவிடுங்கள்.

பஸ்ஸில் "என்ன கண்ணு, மூஞ்சில என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள்: "தீக்காயங்க. ஆறிட்டு வருது. நீங்க எங்க இறங்கணும்?" மூன்று சின்ன வாக்கியம், மூன்றாவது பேச்சைத் திருப்பிவிடும்.

முதல் மாதத்தில் கெட்ட கனவு, திடுக்கிடல் எல்லாம் வரக்கூடியதே. ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். காயம் சின்னதுதானே என்று அளக்காதீர்கள், கையளவு காயமும் ஆளை முடக்கும். மாத்திரை எழுதினால் பலன் தெரியவே சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் தானாகத் தூக்க மாத்திரை வாங்குவது வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே மனநல உதவி எண் 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104-க்குக் கூப்பிடுங்கள்.

தானே தீ வைத்துக்கொண்டவர்கள் கேஸுக்குப் பயந்து "ஸ்டவ் வெடிச்சுது" என்பார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு தண்டனையிலிருந்து காக்கிறது. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால்தான் சரியான உதவி தொடங்கும். தீ வைத்தது வேறு ஆள் என்றால், அந்த வீட்டுக்கே திரும்ப அனுப்பும் முன் பெண்கள் உதவி எண் 181-ல் பேசுங்கள்.