உரையாடலுக்கு மூன்று மதிப்பெண்

ஏழாம் வகுப்பில் சொந்த அனுபவத்தை எழுதச் சொன்னால் முதலில் கிளம்பும் முனகல் தெரிந்ததுதான்: "எனக்கு ஒண்ணுமே நடக்கலையே சார்." முழு நாளையும் எழுதாதே, அதில் ஐந்து நிமிடத்தை மட்டும் எழுது என்பது வழக்கமான மருந்து. பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியரும் கூடவே எழுத வேண்டும் என்று, பிள்ளைகள் எழுதக் கற்பதை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் டொனால்ட் கிரேவ்ஸ் 1980களிலேயே வலியுறுத்தியிருக்கிறார். எனவே நானும் பலகையில் எழுதினேன். சைக்கிள் பழகியது, அப்பா பின்னால் ஓடிவந்தபடி பேசியது.

ஒரு மாணவி கை தூக்கினாள். "அப்பா பேசினது அப்படியே ஞாபகம் இருக்கா சார்?"

"ஏறக்குறைய."

"ஏறக்குறையன்னா எவ்வளவு?"

"விஷயம் நிஜம். வார்த்தை மட்டும் நான் வச்சது. உரையாடலுக்கு அந்தச் சலுகை உண்டு."

இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இத்தனை வருடம் கழித்து வார்த்தை பிசகாமல் யாருக்கு நினைவிருக்கும்? உரையாடல் வேண்டாம் என்று விட்டால், "சென்றோம், மகிழ்ந்தோம், திரும்பினோம்" என்று முடித்துவிடுவார்கள்.

கடைசி வரிசைப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடந்த தங்கையைப் பற்றி எழுதியிருந்தான். அவள் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் அழுக்கேறிச் சுருண்டுகொண்டே இருந்ததாம். இவன் அதை விரலால் நீவி நீவி ஒட்டினானாம். வகுப்பில் வாசித்தபோது ஒரு சத்தமில்லை. அதிக மதிப்பெண் அவனுக்குத்தான். பெற்றோர் கூட்டத்தன்றுதான் தெரிந்தது, அவனுக்குத் தங்கையே கிடையாது.

கூப்பிட்டுக் கேட்டேன். "வார்த்தையை நாமே வச்சுக்கலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நான் ஆளை வச்சேன்."

குறும்பு தொனிக்கவில்லை. என்னிடம் பதிலும் இல்லை. வார்த்தை வேறு, ஆள் வேறு என்று சொல்லியிருக்கலாம்; எங்கே கோடு போடுவது என்று அவன் திருப்பிக் கேட்டிருப்பான். தவிர, அந்தப் பிளாஸ்திரி ஓரத்தை அவன் எங்கோ பார்த்திருக்க வேண்டும். அது யார் கை? பிள்ளைகள் சில சமயம் சொல்ல முடியாததை வேறு ஆள்மேல் ஏற்றித்தான் எழுதுவார்கள். இப்படி யோசித்து மதிப்பெண்ணைத் தொடவில்லை. சங்கடமான பேச்சிலிருந்து தப்பிக்க எனக்கு வசதியான காரணமோ என்னவோ.

உறுத்துவது அவன்கூட இல்லை. கேள்வி கேட்ட மாணவியின் தாள். சாவியைத் தொலைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த கதை. உரையாடல் ஒரு வரி இல்லை. அடியில் சின்ன எழுத்தில்: "அம்மா என்ன சொன்னாங்கன்னு சரியா ஞாபகம் இல்ல. அதனால எழுதல." உரையாடலுக்கான மூன்று மதிப்பெண்ணில் அவளுக்குப் பூஜ்யம்.

இதெல்லாம் கற்பனைப் பயிற்சி என்று பெயர் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்கிறார் சக ஆசிரியர். பையனுக்குச் சரி. அவளுக்கு என்ன சொல்வது?

அடுத்த மாதம் அதே பாடம் மறுபடி வருகிறது. 'உண்மையில் நடந்ததா' என்று மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். வீடு வீடாகப் போய் விசாரிக்கவா முடியும் என்று அடித்துவிட்டேன். உரையாடலுக்கான மூன்று மதிப்பெண் அப்படியேதான் இருக்கிறது. அதை எடுத்தால் திரும்பவும் சென்றோம், மகிழ்ந்தோம்தான்.